மீசை மேல் ஒரு மனு

மீசைல கை வைக்காத தம்பி. முதல்லயே சொல்லிடுதேன். தாடையும் கழுத்தும் மட்டும் வழி, கிருதாவ ரெண்டு பக்கமும் சமமா எடு, அது போதும். மீசைய நான் வீட்டுல நானே பாத்துக்கிடுவேன். இருவத்தேழு வருஷமா இன்னொருத்தன் கத்தி அதுல பட்டதில்ல. ஒரே ஒரு தடவ பட்டுச்சு. அந்தக் கதைக்காகத்தான் இன்னைக்கு இந்த ஊருக்கே வந்து உன் நாற்காலில உக்காந்திருக்கேன்.

எதிர்த்தாப்புல இருக்குல்லா கல்வி ஆபீசு, அங்க பதினோரு மணிக்கு எனக்கு விசாரணை. என்னத்துக்குன்னு கேளு, சிரிப்ப. வாத்தியாரு மேல விசாரணைன்னா பிள்ளைய அடிச்சிருப்பான், இல்ல லீவு எழுதிக் குடுக்காம ஊரு சுத்தியிருப்பான், அப்படித்தான நினைப்ப. எனக்கு மீசைக்கு. மனுவோட நகல் பைல இருக்கு, வேணும்னா பாரு. "அறிவியல் ஆசிரியர் திரு. கோமதிநாயகம் அவர்களின் மீசையின் காரணமாக"ன்னு எழுதியிருக்கு. மீசையின் காரணமாகவாம். அதுக்கு மேல கலெக்டர் ஆபீசு சீலு வேற குத்தியிருக்கான். இதப் படிச்சுட்டு ஒருத்தன் சிரிக்காம சீலு குத்துனான்னா அவனுக்கு எம்புட்டுச் சம்பளம் குடுத்தாலும் தகும்.

எங்க ஊரு தறி ஊரு. எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் விசைத்தறிச் சத்தம் மண்டையப் பொளக்கும். அங்க ஒரு பள்ளிக்கூடம், பத்தாங்கிளாஸ் வரைக்கும். ஒம்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் நான்தான். பத்துல ஆறு வருஷமா நூத்துக்கு நூறு ரிசல்ட்டு, ஒருத்தன் பெயிலானதில்ல. எப்படின்னு கேக்கியா? தேறாததுகள ஒம்பதுலயே தகப்பனக் கூப்புட்டு, "வேற இடம் பாத்துக்கோங்க"ன்னு டிசியக் கையில குடுத்துருவோம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கதுதான், எவனும் வெளிய சொல்ல மாட்டான்.

இந்த வருஷம் ஒம்பதுல ஒரு பிள்ளை வந்து சேந்துச்சு. ஆவுடைச்செல்வின்னு பேரு. ரெண்டு காதும் கேக்காது. காதுல ஒரு மிஷினு மாட்டியிருக்கும், அரசாங்கம் குடுத்தது. அது இரைச்சலத்தான் கூட்டிக் குடுக்குமாம், வார்த்தையப் பிரிச்சுக் குடுக்காதாம். அப்ப எதுக்கு மாட்டணும்? தகப்பன் முப்புடாதி, தறி ஓட்டுதவன். தாய் இல்ல. சின்னதுலருந்து அப்பன் கூடத் தறிக் கொட்டகைலயே கிடந்திருக்கு. அங்க அம்புட்டுச் சத்தத்துல யாருக்கும் காது கேக்காதுல்லா, அதனால தறிக்காரங்க எல்லாரும் சத்தமில்லாம வாய மட்டும் அசச்சுத்தான் பேசிக்கிடுவாக. இந்தக் கடைசித் தறில நிக்கவன் அந்தக் கடைசித் தறிக்காரன்கிட்ட வெத்தலை கேப்பான், அவனும் எடுத்துக் குடுப்பான். அதப் பாத்துப் பாத்து இந்தப் பிள்ளையும் வாயப் பாத்தே பேச்சப் படிக்கப் பழகிருச்சாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? அந்த ஜெசிந்தா சொல்லித்தான்.

ஜெசிந்தாவ உனக்குத் தெரியாது. சிறப்பாசிரியர். வட்டாரத்துல இருக்க அம்புட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஸ்கூட்டர்ல சுத்துத அம்மா. எங்களுக்குச் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை. ஒரு ஹெல்மெட்டு, ஒரு தண்ணி பாட்டிலு, ஒரு பை நிறைய அட்டை. பாடம் நடத்தத் தெரியாது, பரீட்சைத்தாள் திருத்தத் தெரியாது, ஆனா பாடம் நடத்துதவனுக்குப் புத்தி சொல்லத் தெரியும். ஜூலை மாசம் ஒரு நாள் எங்கிட்ட வந்து ஒரு பேப்பரு குடுத்துச்சு. "சார், ஆவுடைச்செல்விக்காக நீங்க வகுப்புல செய்ய வேண்டிய சின்னச் சின்ன உதவி, அஞ்சே அஞ்சுதான்"னு சொல்லிச்சு.

வாங்கிப் படிச்சேன். பிள்ளைய முதல் பெஞ்சுல சன்னல் பக்கமா உக்கார வைக்கணும், வெளிச்சம் எம்மூஞ்சில விழணுமாம். நான் என்ன கல்யாணப் பொண்ணா? போர்டுல எழுதிக்கிட்டே பேசக் கூடாதாம், எழுதி முடிச்சுத் திரும்பி நின்னு பேசணுமாம். இருவத்திரெண்டு வருஷமா நான் எழுதிக்கிட்டே பேசுதவன். அதுதான் நான் பாடம் நடத்துத விதம், என்கிட்டப் படிச்ச டாக்டரெல்லாம் இருக்கான். புது வார்த்தைகள ஓரமா எழுதிப் போடணுமாம். பக்கத்துப் பிள்ளை நோட்ட இதுக்குக் காட்டணுமாம். சரி, போகட்டும். அஞ்சாவதா என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? "ஆசிரியர் மேலுதடு தெரியும்படி மீசையைக் குறைத்துக்கொள்ளலாம்."

"என்ன டீச்சர் இது?"ன்னேன்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவ உதட்டப் பாத்துத்தான் படிக்கா. உங்க மீசை கீழுதடு வரைக்கும் இறங்கியிருக்கு. எழுத்துல பாதிக்கு மேலுதடு வேணும் சார். எடுக்கச் சொல்லல, கொஞ்சம் மேல கத்தரிச்சாப் போதும்"னு சொல்லுது. மூஞ்சில ஒரு சிரிப்பில்ல, ஒரு கூச்சமில்ல. ஒரு பொம்பளை ஆம்பளையப் பாத்து மீசையக் கத்தரின்னு சொல்லுதா. எங்கம்மா சொன்னதில்ல, எம்பொண்டாட்டி சொன்னதில்ல.

நான் அந்தப் பேப்பர நாலா மடிச்சு மேசைக்கு அடில முட்டுக் குடுத்துட்டேன். மேசை ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா குடுத்ததுல உருப்படியான உதவி அது ஒண்ணுதான்.

கத்தி கூர்மையா இருக்கா? இழுக்குது பாரு. ம், இப்பச் சரி.

ஹெட்மாஸ்டரு பரமானந்தம் சார் என்னக் கூப்புட்டாரு. பயந்தாங்கொள்ளி மனுசன். ஆபீசுலருந்து போனு வந்தா நாற்காலிய விட்டு எந்திருச்சு நின்னுதான் பேசுவாரு. "கோமதி, ஒரு இழை குறைச்சுக்கிட்டா என்ன?"ங்காரு. "சார், நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து உங்க தொப்பை போர்ட மறைக்குதுன்னு சொன்னா அறுத்துப் போடுவீங்களா?"ன்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டாரு.

பெறகு அவரா ஒண்ணு சொன்னாரு. "பாரு, இந்தப் பிள்ளை அறிவியல்ல தேறணும். முழாண்டுல முப்பத்தஞ்சு எடுக்கலன்னா பத்துக்கு ஏத்த மாட்டேன், டிசிதான். ரிசல்ட்டுல கை வைக்க முடியாது"ன்னாரு. அவரு சொல்லுததும் நியாயந்தான். டிசி குடுத்தா எங்க போவும்னு நினைக்க? ஹாஸ்டலோட இருக்க செவிடர் பள்ளிக்கூடம்தான், பஸ்ஸுல மூணு மணி நேரம். அங்க எல்லாம் கைப்பேச்சு. அந்தக் கைப்பேச்சுல ஒரு எழுத்து இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பதினாலு வயசுல மறுபடி அரிச்சுவடிலருந்து ஆரம்பிக்கணும், அப்பனையும் விட்டுட்டுப் போகணும். அதுக்காக நான் என்ன செய்ய முடியும்?

தகப்பன் வந்தான். சாயங்காலம் மணியடிச்சு வெளிய வாரேன், கேட்டு ஓரமா நிக்கான். தலையெல்லாம் பஞ்சு. கையக் கட்டிக்கிட்டு, "சார், மத்த பாடமெல்லாம் அறுவது எழுவது வாங்குதா சார். உங்க பாடம் மட்டும் பதினொண்ணு, பன்னெண்டு. அவளுக்கு உங்க வாய் தெரிய மாட்டேங்காம் சார்"ங்கான்.

"மத்த பாடத்துக்கெல்லாம் டீச்சருமாரு. பொம்பளை மனசு, பாவம் பாத்து மார்க்கப் போடுதாக. நான் போட மாட்டேன்"னேன்.

"இல்ல சார், அவுகளுக்கு…"ன்னு என்னமோ இழுத்தான். "அவுகளுக்கு என்னவே?"ன்னு அதட்டுனேன். "ஒண்ணுமில்ல சார்"னு போயிட்டான். சொல்லத் தெரியாதவன் எதுக்குக் கேட்டுல வந்து நிக்கணும்?

அந்தப் பிள்ளை மேல எனக்கு என்ன விரோதம்? ஒண்ணுமில்ல. வகுப்புல ஒரு கலகலப்புக்காக வருகைப் பதிவு எடுக்கையில ஏதாவது சொல்லுவேன், அம்புட்டுத்தான். பதினாலாம் நம்பர் வந்தா, "பெஞ்சத் தேய்க்க வந்த மகராசி இருக்காளா?"ம்பேன். பிள்ளைகளெல்லாம் சிரிக்கும். எல்லாரும் சிரிக்கதப் பாத்துட்டு அதுவும் சிரிக்கும், வாயெல்லாம் பல்லா, கையத் தூக்கி உள்ளேன்னு காட்டும். அதுக்கே கோவமில்ல. நாலு மாசம் தினமும் சிரிச்ச பிள்ளை. இதப் போயி அந்த ஜெசிந்தா மனுவுல "தொடர்ந்து இழிவுபடுத்தினார்"னு எழுதுது. இழிவுபட்ட பிள்ளை சிரிக்குமா?

அக்டோபர் கடைசில எங்கப்பா தவறிட்டாரு. தொண்ணூத்தி ஒரு வயசு. கல்யாணச் சாவுன்னு ஊரு சொல்லிச்சு. எனக்கு அப்படி இல்ல தம்பி. ரெண்டு வருஷமாப் படுத்த படுக்கை, நான்தான் தூக்குவேன், நான்தான் குளிப்பாட்டுவேன். அவருக்கும் இதே மாதிரி மீசை. தினமும் காலைல ஸ்கூலுக்குக் கிளம்புததுக்கு முன்ன நான்தான் சீவி விடுவேன். கண்ண மூடிக்கிட்டுச் சுகமாக் காட்டுவாரு. அவரு போனது எனக்கு ஒரு கையே போன மாதிரி இருந்துச்சு.

நான் மூத்தவன், கொள்ளி வச்சது நான். தலையும் மீசையும் சுடுகாட்டுலயே வழிச்சாச்சு. அதுல மறுபேச்சு இல்ல, அப்பனுக்குக் குடுக்காத மீசை எதுக்கு? அந்த ஒரு தடவைதான் அடுத்தவன் கத்தி பட்டது. பதினாறாம் நாள் விசேஷத்தன்னைக்கு மறுபடியும் ஒரு வழிப்பு, அது என் கையால. மறுநாள் ஸ்கூலுக்குப் போறேன், மொட்டத் தலையும் மொழுக்கு மூஞ்சியுமா. பிள்ளைக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. ஒரு நாளும் எனக்கு அப்படி ஒரு வெக்கம் வந்ததில்ல.

நின்னு நடத்த முடியல. நாற்காலிய வகுப்பப் பாத்துப் போட்டு உக்காந்து புத்தகத்த வச்சுக்கிட்டுத்தான் நடத்துனேன். போர்டுப் பக்கம் போகவே இல்ல. ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தித்தான் வரும். என் வாழ்க்கைல அவ்வளவு மட்டமா நான் பாடம் நடத்துனதே இல்ல. ஒரு மாசம் அப்படித்தான் போச்சு.

முத நாளு வருகைப் பதிவுல மனசு சரியில்லன்னாலும் வழக்கத்த விடக் கூடாதுன்னு பதினாலாம் நம்பருக்கு அதேதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. இந்தப் பிள்ளை எம் வாயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. கையத் தூக்குச்சு, சிரிக்கல. மறுநாளும் சிரிக்கல. அப்பன் செத்த மனுசன் வகுப்புக்கு வந்து ஒரு வேடிக்கை சொன்னா ஒரு மரியாதைக்குக்கூடச் சிரிக்கக் கூடாதா? திமிரு. இடம் குடுத்தா இப்படித்தான்.

அதுக்கப்புறம்தான் கேளு வேடிக்கைய. ஒரு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட்டு வச்சேன். அம்பதுக்கு. இந்தப் பிள்ளை நாப்பத்தியொண்ணு.

பதினொண்ணு வாங்குத பிள்ளை நாப்பத்தியொண்ணு வாங்குனா நீ என்ன நினைப்ப? காப்பி. வேற என்ன? மறுநாளு என் மேசை கிட்டயே தனியா ஒரு ஸ்டூலு போட்டு உக்கார வச்சேன். வாயால கேள்வி கேட்டேன், பதில எழுதுன்னேன். புத்தகம் இல்ல, பக்கத்துல ஆளு இல்ல. சவ்வூடு பரவல்னா என்ன, தாவரத்துல தண்ணி எப்படி மேல ஏறுது, உந்தத்துக்கு என்ன சூத்திரம். அம்புட்டும் எழுதிருச்சு. எம் மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்காம, ஒவ்வொண்ணா, தப்பில்லாம.

அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு தம்பி. இந்தப் பிள்ளைக்குக் காது கேக்கும்.

ஏன் அப்படிப் பாக்க? யோசிச்சுப் பாரு. கேள்வி வாயால கேட்டேன், பதில் வந்துச்சு. நேத்து வரைக்கும் கேக்காத காது இன்னைக்கு எப்படிக் கேக்கும்? அப்ப நாலு மாசமா நடிச்சிருக்கு. உதவித்தொகை, மிஷினு, பரீட்சைல கூடுதலா ஒரு மணி நேரம், இதுக்கெல்லாம் அப்பனும் மகளும் சேந்து நடிச்சிருக்காக. நான் சோதிச்சுப் பாத்தேன். அது குனிஞ்சு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கையில பின்னால போயி டஸ்டரால மேசைல ஓங்கி ஒரு அடி அடிச்சேன். வகுப்பே துள்ளி விழுந்துச்சு. இது திரும்பவே இல்ல. என்ன அழுத்தம் பாரு. இன்னொரு தடவ எவர்சில்வர் தட்டக் கீழ போட்டேன். அதுக்கும் திரும்பல. பதினாலு வயசுல இம்புட்டு நெஞ்சழுத்தம் எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல.

ஹெட்மாஸ்டர்கிட்டப் போயிச் சொன்னேன். அவரு என் மொட்டத் தலையப் பாத்தாரு, மூஞ்சியப் பாத்தாரு, ரொம்ப நேரம் பாத்தாரு. "கோமதி, போயி ஒரு டீ குடிச்சுட்டு வா"ன்னாரு. நான் சொன்னேம்லா, பயந்தாங்கொள்ளின்னு.

அரையாண்டுப் பரீட்சைல எழுவத்திரெண்டு எடுத்துச்சு. ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்லு. ஜெசிந்தா எனக்கு ஒரு லட்டு கொண்டாந்து நீட்டுச்சு. "சார், ஒங்க துக்கத்துல இதச் சொல்லக் கூடாது, இருந்தாலும் ஒண்ணு கேக்கேன். இந்த வருஷம் முடியுத வரைக்கும் இப்படியே இருங்களேன்"னு கெஞ்சுது. அப்பனுக்கு எடுத்த மொழுக்கு மூஞ்சியோட நான் வருஷம் பூரா சுத்தணுமாம், இந்தப் பிள்ளை பரீட்சைக்காக. நான் லட்ட வாங்கல.

மீசை வளராம இருக்குமா? அது பாட்டுக்கு வளந்துச்சு. எனக்கும் தெம்பு வந்துச்சு, பொங்கல் முடிஞ்சதும் பழையபடி நின்னு, போர்டுல எழுதி, கணீர்னு நடத்த ஆரம்பிச்சேன். வகுப்பே நிமிந்து உக்காந்துச்சு. இந்தப் பிள்ளை மட்டும் அங்கயும் இங்கயும் சாயும், எட்டி எட்டிப் பாக்கும், பக்கத்துப் பிள்ளை நோட்டப் பிடிச்சு இழுக்கும். ஜனவரிக் கடைசி டெஸ்ட்டுல அம்பதுக்கு ஒம்பது. பாத்தியா, மறுபடியும் நாடகம். சலுகை குறையுதுன்னதும் காது அடச்சுக்கிடுச்சு.

ஹெட்மாஸ்டரு பதறிட்டாரு. எழுவத்திரெண்டு பாத்து நிம்மதியா இருந்த மனுசன். தகப்பனுக்கு ஆளு விட்டாரு, ஜெசிந்தாவக் கூப்புட்டாரு, என்னையும் கூப்புட்டாரு, பிள்ளைய நடுவுல நிப்பாட்டுனாரு. ஒரு வெள்ளைத்தாள எடுத்து, "டிசம்பரில் 72. இப்போது 9. என்ன காரணம்? பயப்படாமல் எழுது"ன்னு எழுதிக் குடுத்தாரு. அது வாசிச்சுட்டு அப்பன ஒரு தடவ பாத்துச்சு. அவன் தலைய ஆட்டுனான். பேனாவ வாங்கி ஒரே வரி எழுதிக் குடுத்துச்சு.

ஹெட்மாஸ்டரு வாசிச்சாரு. தாள என்கிட்டத் தள்ளுனாரு.

"சாரோட அப்பா செத்தப்போ எனக்கு எல்லாம் புரிந்தது. இப்போது புரியவில்லை."

அப்படி எழுதியிருக்கு தம்பி. எங்கப்பன் செத்தது. எங்கப்பன் செத்தது அதுக்கு வசதியா இருந்துச்சாம். வீட்டுல எங்கம்மா இருக்கா, எம்பத்தஞ்சு வயசு. அடுத்து அவ எப்பச் சாவான்னு இந்தப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கா? நான் தாளத் தூக்கி எறிஞ்சேன். "இந்தப் பிள்ளை இருக்க பள்ளிக்கூடத்துல நான் இருக்க மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னேன். ஜெசிந்தா எந்திருச்சு, "சார், அவ சாபம் போடல சார், கேட்ட கேள்விக்குப் பதிலு எழுதியிருக்கா, ஒரு தடவ நிதானமா வாசிங்க"ங்குது. நான் எழுத்துத் தெரியாதவனா? நாலு தடவ வாசிச்சேன். நாலு தடவையும் எங்கப்பன் செத்துத்தான் இருக்கான்.

பத்தாங்கிளாஸுக்கு அறிவியலுக்கு வேற ஆளு கிடையாது, பரீட்சைக்கு அம்பது நாளு. ஹெட்மாஸ்டரு என்ன செய்வாரு? டிசிப் புத்தகத்த எடுத்தாரு. "பெற்றோர் விருப்பத்தின் பேரில்"னு காரணம் எழுதுனாரு. முப்புடாதி கிட்டப் பேனாவ நீட்டுனாரு. அவன் அந்த வரிய வாசிச்சான். "எனக்கு விருப்பமில்லையே சார்"னான், மெதுவா. ஹெட்மாஸ்டரு சன்னலப் பாத்துக்கிட்டாரு. பெறகு கையெழுத்துப் போட்டான். போட்டவன் போட்டபடி இருந்தானா? அடுத்த திங்கக்கிழமையே ஜெசிந்தாவ எழுதச் சொல்லி மனுவக் குடுத்துட்டான். அந்த மனுதான் இந்த மனு.

என்கொயரில நான் என்ன சொல்லணுமோ அதெல்லாம் தயாரா இருக்கு. எனக்கு அதுல பயமில்ல. என் மனசுல கிடந்து அறுக்கது வேற.

டிசிய வாங்கிக்கிட்டு அப்பனும் மகளும் வெளிய வாராந்தாவுல நிக்காக. நான் எதிர்த்தாப்புல நிக்கேன், நாலடி தூரம். அந்தப் பிள்ளை என்னைய நேருக்கு நேரா ஒரு பார்வை பாத்துச்சு. பெறகு அப்பன் பக்கம் திரும்பி வாயசச்சுச்சு. சத்தம் இல்ல. மூச்சுகூட இல்ல. தறிக் கொட்டகைல பேசுத பேச்சு. நீளமா என்னமோ சொல்லிச்சு. அவன் வேண்டாம்ங்க மாதிரி தலைய ஆட்டுனான், அவனும் வாயசச்சு என்னமோ சொன்னான், அது மறுபடி ஒண்ணு சொல்லிச்சு. அதுக்கு அவன் சிரிச்சுட்டான். கண்ணுல தண்ணி நிக்கு, சிரிக்கான். என் வேலை, என் பள்ளிக்கூடம், என் முன்னால, என்னப் பத்திப் பேசுதாக, எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல.

"என்னவே சொல்லுதா?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல சார்"னான்.

"சத்தமாச் சொல்லச் சொல்லு."

"அது உங்களுக்குப் புரியாது சார்"னான். மரியாதையாத்தான் சொன்னான். பிள்ளை கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். கேட்டு வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசிக்கிட்டே போறாக. நான் வாராந்தாவுல மடையன் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கேன்.

நீயே சொல்லு தம்பி, எதிர்ல ஒரு மனுசன் நிக்கான், அவனுக்கு ஒண்ணுமே புரியாதபடி வாயசச்சுக்கிட்டு இருக்கது என்ன பழக்கம்? அவன மனுசனா மதிச்சா அப்படிச் செய்யத் தோணுமா? என்கொயரில இத நான் கேக்கத்தான் போறேன்.

மூணு வாரமாச்சு, என்ன சொல்லிச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல. அந்தப் பிள்ளை வாய் போன போக்கு அப்படியே ஞாபகத்துல இருக்கு. முதல்ல ரெண்டு உதடும் ஒட்டிச்சு, பெறகு மேலுதடு ஏறிச்சு, பெறகு குவிஞ்சுச்சு. தினமும் காலைல கதவச் சாத்திக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னு அதே மாதிரி அசச்சு அசச்சுப் பாக்கேன், என்ன எழுத்தா இருக்கும்னு. இப்பகூட உன் கண்ணாடில பாரு, அசைக்கேன். என்ன அசச்சாலும் மீசைதான் ஆடுது, உள்ள வாய் என்ன சொல்லுதுன்னு ஒரு எழவும் தெரிய மாட்டேங்கு.